வீட்டில் ஹாலோவீன் விளையாட்டு வைக்கப் போகிறீர்களா? என் அனுபவத்தைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்

என் அண்ணன் மகள் தியாவுக்கு ஒன்பது வயது. பிறந்து வளர்ந்ததெல்லாம் நியூஜெர்சியில். 2025 ஜூனில் அண்ணியும் அவளும் வேலூருக்கே வந்துவிட்டார்கள். அண்ணன் அங்கே வேலையை முடித்துக்கொண்டு வர இன்னும் சில மாதம் ஆகும் என்ற நிலை. அண்ணி நர்ஸ், ஷிஃப்ட் வேலை. அதனால் பள்ளி விட்டதும் தியா சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டுக்குத்தான் வருவாள். அந்த வருடம் தீபாவளி அக்டோபர் 20. பட்டாசுக் குப்பையெல்லாம் கூட்டி முடித்து நாலு நாள் இருக்கும். ஒரு சாயங்காலம் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு பூசணிக்குக் கண்ணும் பல்லும் வரைந்துகொண்டிருந்தாள். "அத்தை, இங்க ஹாலோவீனே கிடையாதா? போன வருஷம் தீபாவளியும் அதுவும் ஒரே நாள்ல வந்துச்சு. அப்பா மத்தாப்பு கொளுத்தினாரு, அப்புறம் நான் வேஷம் போட்டுக்கிட்டு வீடு வீடாப் போனேன்" என்றாள். குரலில் அழுகை இல்லை. ஆனால் பென்சிலை அழுத்தி அழுத்தி அந்தப் பல்லைக் கறுப்பாக்கிக்கொண்டே இருந்தாள். எனக்குத் தாங்கவில்லை. "நம்ம வீட்லயே வெச்சிடலாம்டா" என்று சொல்லிவிட்டேன். கையில் ஒரே ஒரு வாரம்தான் இருந்தது.

முதலில் மாமியாரிடம் சொன்னேன். "இன்னாத்துக்குமா ஊட்ல பேய் வேஷம்? அமாவாசையா அன்னிக்கி?" என்று கேட்டார். அமாவாசை போய்ப் பத்து நாள் ஆகியிருக்கும் என்றேன். அப்புறம் உட்கார்ந்து எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அயர்லாந்து, ஸ்காட்லாந்துப் பக்கம் பழைய காலத்தில் அறுப்பு முடிந்து குளிர்காலம் தொடங்கும் நாளை சவின் என்று கொண்டாடினார்கள். செத்துப்போனவர்கள் அந்த ராத்திரி திரும்பி வருவார்கள் என்று நம்பிக்கை. பிற்பாடு நவம்பர் 1 சகல புனிதர்கள் திருநாள் ஆனதால், அதற்கு முந்தின ராத்திரி என்ற பொருளில் ஹாலோவீன் என்ற பெயர் வந்தது. அங்கே டர்னிப் கிழங்கைக் குடைந்துதான் விளக்கு வைத்தார்கள். அமெரிக்காவுக்குக் குடியேறிய பிறகுதான் பூசணி வந்தது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மாமியார், "அப்ப அவங்க ஊரு மகாளயம்னு சொல்லு" என்றார். அதோடு அவர் எதிர்ப்பு முடிந்தது. பெரியவர்கள் இருக்கும் வீட்டில் இப்படி நிதானமாக உட்கார்ந்து முதலிலேயே சொல்லிவிடுவது ரொம்ப முக்கியம். நான் ஒழுங்காகச் செய்த ஒன்றிரண்டு காரியங்களில் இது ஒன்று.

தெருப் பிள்ளைகளைக் கூப்பிட்டதில்தான் தப்பு செய்தேன். எதிர்வீட்டு அக்கா கிறிஸ்தவர். அவரிடம் நேராக விஷயத்தைச் சொன்னேன். "தப்பா எடுத்துக்காதம்மா, எங்க வீட்ல இதுக்குப் பிள்ளைங்கள அனுப்ப மாட்டோம்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டார். அவர்களுக்கு அது நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாட்கள். கல்லறையைச் சுத்தம் செய்து பூவும் மெழுகுவர்த்தியும் வைக்கிற நேரத்தில் பேய் முகமூடி விளையாட்டு அவர்களுக்கு ஒப்பாது. எனக்கு அது புரிந்தது, வருத்தமும் இல்லை. ஆனால் அந்தப் பதிலுக்குப் பிறகு என்ன செய்தேன் தெரியுமா? மற்ற வீடுகளில் "ஹாலோவீன்" என்ற வார்த்தையையே சொல்லாமல் "வெள்ளிக்கிழமை ராத்திரி பசங்களுக்கு விளையாட்டு வெச்சிருக்கேன், அனுப்புங்க" என்று மட்டும் சொன்னேன். மறுபடி ஒருவர் மறுத்தால் தியா வாடிப்போவாளே என்ற பயம். அந்தப் பாதிச் செய்திதான் பிறகு என்னைச் சுட்டது. யாரைக் கூப்பிட்டாலும் விளக்கு அணைப்போம், முகமூடி இருக்கும், பயமுறுத்துகிற விளையாட்டு இருக்கும் என்று பெற்றோரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். வராதவர்கள் வராமல் போகட்டும்.

இனி பணம். அலங்காரம் செய்பவர் ஒருவரிடம் பேசினேன். சிலந்தி வலை, கறுப்புத் துணி, ஊதா விளக்கு எல்லாம் சேர்த்து 5,500 ரூபாய் என்றார். 2,000 முன்பணம் கொடுத்தேன். டிரை ஐஸ் வைத்துப் புகை விடலாம், அதற்குத் தனியாக 1,500 என்றும் சொன்னார். என் மகன் கவினுக்கு வீசிங் உண்டு என்பதால் வேண்டாம் என்றேன். அது நல்லதாகப் போயிற்று. டிரை ஐஸ் என்பது உறைந்த கரியமில வாயு. மைனஸ் 78 டிகிரி குளிர்ச்சி, வெறும் கையால் தொட்டால் தோல் வெந்த மாதிரி ஆகிவிடும். அதிலிருந்து வரும் வாயு காற்றைவிடக் கனமானது. மூடிய அறையில் தரையோரமாகத்தான் தங்கும், குழந்தைகள் உட்கார்ந்திருப்பதும் அங்கேதான். வீட்டுக்குள் அது வேண்டவே வேண்டாம். கடைசியில் அவர் வரவேயில்லை. வேறு பெரிய ஆர்டர் வந்துவிட்டதாம். வெள்ளிக்கிழமை மதியம் வரை "வந்துட்டே இருக்கேன்மா" என்றார், அப்புறம் போனை எடுக்கவில்லை. 2,000 போனது போனதுதான்.

ஆன்லைனில் தியாவுக்கும் இன்னும் இரண்டு பிள்ளைகளுக்கும் வேஷ உடை ஆர்டர் போட்டேன். ஒன்று 899 ரூபாய். தியாவுடையது மட்டும் புதன்கிழமை வந்தது. மற்ற இரண்டும் நவம்பர் 3-ஆம் தேதி வந்தன. திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்பது ஆர்டர் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்ததை அப்போதுதான் பார்த்தேன். வந்த உடையும் வழவழவென்ற பாலியஸ்டர், நெருப்புப் பட்டால் உருகி உடம்போடு ஒட்டிக்கொள்ளும் ரகம். தீபாவளிக்கு வாங்கிய அகல் விளக்குகள் மீதி இருக்கின்றன, அவற்றையே ஏற்றலாம் என்று நினைத்திருந்தேன். அந்த நீண்ட அங்கியைக் கையில் பிடித்துப் பார்த்ததும் யோசனையை விட்டுவிட்டு லாங்கு பஜாரில் பேட்டரி விளக்கு வாங்கி வந்தேன். வேஷத்துக்குக் காசு செலவழிக்கவே தேவையில்லை. பழைய வெள்ளைப் பருத்தி வேட்டி ஒன்று போதும். இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்துச் சுற்றினால் எகிப்து மம்மி, முழுதாகப் போர்த்தினால் பேய். டிஷ்யூ பேப்பர் ரோல் நம் ஊர்ப் புழுக்கத்தில் சுற்றச் சுற்றக் கிழியும். வண்ணக் காகிதம் வியர்வையில் சாயம் விடும். இரண்டையும் முயற்சி செய்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

பூசணிக்கு வருகிறேன். வியாழக்கிழமை காலை நேதாஜி மார்க்கெட்டுக்குப் போனேன். தியா வரைந்ததைப் போன்ற உருண்டையான காய் எங்கேயும் இல்லை. நம்மிடம் இருப்பது சப்பையாக, வரிவரியாகக் கட்டி உட்கார்ந்திருக்கும் பரங்கிக்காய். குடைவதற்கென்றே அமெரிக்காவில் விளைவிக்கிற பூசணிக்குத் தோல் மெல்லிசு, உள்ளே கூடு மாதிரி இருக்கும். நம் பரங்கியில் சதையே இரண்டு விரல் தடிப்பு. இரண்டு காய், ஐந்தரைக் கிலோ, 190 ரூபாய். கடைக்கார அம்மா "கல்யாணமாம்மா?" என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னதும் ஒவ்வொரு காயாகத் தட்டிப் பார்த்து, சத்தம் கணீரென்று கேட்ட இரண்டை எடுத்துக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து காம்புப் பக்கமாக மூடி மாதிரி வெட்ட ஆரம்பித்தேன். கத்தி பாதியில் சிக்கியது. இழுத்தேன். வழுக்கி, இடது கையில் கட்டைவிரலுக்குக் கீழே இறங்கிவிட்டது. பரங்கி விதை ஒட்டிய நார், ரத்தம், எல்லாம் ஒரே ஈரம். வீட்டில் நானும் மாமியாரும்தான். கணவருக்கு ஓசூரில் வேலை, சனிக்கிழமைதான் வருவார். ஒரு கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஆட்டோ பிடித்துக் கிளினிக் போனேன். தையல் போடும் அளவுக்கு இல்லை. டிடி ஊசியும் கட்டும் சேர்த்து 350 ரூபாய். கையைவிட மனசுதான் வலித்தது. வெள்ளிக்கிழமை வேலை அத்தனையும் ஒற்றைக் கையால் எப்படிச் செய்வேன் என்று ஆட்டோவிலேயே கண் கலங்கிவிட்டேன்.

மறுநாள் மீதிக் காயை மாமியார் வெட்டினார். மேலே வெட்டாமல் அடிப்பக்கத்தை வட்டமாக வெட்டி எடுத்தார். காய் தரையில் ஆடாமல் உட்கார்ந்தது, விளக்கின் மேல் அப்படியே கவிழ்க்கவும் வசதி. சதையை அரிவாள்மணையில் வைக்காமல், தேங்காய் துருவியால் உள்ளே சுரண்டிச் சுரண்டி மெல்லிசாக்கினார். தோல் ஓரளவு மெலிந்த பிறகு கண்ணையும் வாயையும் சின்னக் கத்தியால் சுலபமாக வெட்ட முடிந்தது. சுரண்டும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுக்கலாம், கத்தி பெரியவர்கள் கையில்தான் இருக்க வேண்டும். ஐப்பசி ஈரத்தில் குடைந்த காய் இரண்டே நாளில் பூஞ்சை பிடித்து நாறும், அதனால் அன்றன்றைக்கே குடையுங்கள். நேரமில்லையென்றால் முழுக்காயின் மேல் கறுப்பு மார்க்கரால் முகம் வரைந்தாலே போதும், மறுநாள் கூட்டும் வைக்கலாம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறரைக்குப் பதினோரு பிள்ளைகள் வந்தார்கள். அதில் மூன்றாம் தெருவிலிருந்து வந்த சின்னவனுக்கு நாலு வயது. தன் அக்காவோடு வந்தான். முதல் ஒரு மணி நேரம் நான் கனவு கண்ட மாதிரியே போயிற்று. தொட்டுப் பார்க்கும் பெட்டிதான் எல்லோருக்கும் பிடித்தது. அட்டைப்பெட்டியில் கை நுழையும் அளவு ஓட்டை போட்டு, உள்ளே கிண்ணங்கள். தோலுரித்த திராட்சை பேயின் கண், எண்ணெய் தடவிய வெந்த சேமியா புழு, அவித்த காலிஃப்ளவர் மூளை, குளிர வைத்த வெண்டைக்காய் விரல். மொத்தச் செலவு நூறு ரூபாய்கூட இல்லை. கை விடுவதற்கு முன்பே ஒவ்வொரு பிள்ளையும் முகத்தைச் சுளித்த சுளிப்பு இன்னும் என் கண்ணில் நிற்கிறது. பெட்டியில் உள்ள பொருள் யாருக்கும் அலர்ஜி இல்லையா என்று மட்டும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பேப்பர் கப்பில் பேய் முகம் வரைந்து அடுக்கிப் பந்தால் தள்ளினோம். புளியங்கொட்டையை வைத்து, எண்ணுக்குப் பதிலாக வௌவால், ஆந்தை, பூனை படம் போட்ட தம்போலா ஆடினோம்.

அடுத்து இருட்டு விளையாட்டு. கவின் மண்டையோட்டு முகமூடி போட்டுக்கொண்டு அறைக் கதவுக்குப் பின்னால் நிற்க வேண்டும். நான் சின்னவனையும் இன்னும் இரண்டு பொடிசுகளையும் மாமியாரோடு சமையலறைக்கு அனுப்பிவிட்டு விளக்கை அணைப்பேன். அதுதான் சைகை, அவன் வெளியே வருவான். இதுதான் திட்டம். கவின் போய் நின்றுகொண்டான். வெளியே மழை பிடித்தது. நான் பொடிசுகளைக் கூப்பிட வாய் திறக்கும் முன் தெரு முழுக்கக் கரண்ட் போயிற்று. கவின் அதுதான் சைகை என்று நினைத்துக்கொண்டான். கதவைத் தள்ளிக்கொண்டு வந்து நின்ற இடம், அந்தச் சின்னவனுக்கு நேர் எதிரே.

அவன் போட்ட கத்தலை என்னால் மறக்க முடியாது. கவின் உடனே முகமூடியைக் கழற்றி "நான்தாண்டா, கவின் அண்ணன்டா" என்று காட்டினான். பயனில்லை. நாலு வயதுப் பிள்ளைக்கு முகமூடி போட்டால் ஆள் மாறிவிட்டான், அவ்வளவுதான். உள்ளே இருப்பது அதே அண்ணன் என்ற கணக்கு அந்த வயதில் பயத்துக்கு முன்னால் நிற்காது. டிராயரை நனைத்துவிட்டான். அழுது அழுது வாந்தி எடுத்தான். என் கட்டுப் போட்ட கையால் அவனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, மற்ற பிள்ளைகளை மாமியாரிடம் விட்டுவிட்டு, மழையில் மூன்று தெரு தாண்டி அவர்கள் வீட்டுக்கு நடந்தேன். வழி முழுக்க என் ஜாக்கெட்டைக் கையில் இறுக்கிப் பிடித்திருந்தான். கதவைத் திறந்த அவன் அம்மா என்னைத் திட்டவில்லை. "விளையாட்டுன்னு தானே சொன்னீங்க" என்று மட்டும் கேட்டார். நான் எந்தப் பதிலும் சொல்ல முடியாமல் நனைந்துகொண்டே நின்றேன்.

இதை யோசிக்கும்போதெல்லாம் மயானக் கொள்ளை நினைவுக்கு வருகிறது. சிவராத்திரி முடிந்து வரும் மாசி அமாவாசையில் பாலாற்றங்கரையில் காளி வேஷம் போட்டு, நாக்கு தொங்க, முகமெல்லாம் சிவப்பும் கறுப்புமாக எத்தனை பேர் வருவார்கள்! வேலூரில் பிறந்த பிள்ளைகள் அதைப் பார்த்துத்தான் வளர்கிறார்கள். நானும் மூன்று நாலு வயதில் பார்த்திருக்கிறேன், பயந்தும் இருக்கிறேன். ஆனால் வெளிச்சத்தில், அப்பாவின் தோளில் உட்கார்ந்து பார்த்தேன். பயம் வந்தால் அவர் தலைமுடியைப் பிடித்துக்கொள்வேன். அந்தச் சின்னவனுக்கு அன்றைக்கு அந்தத் தோள் இல்லை. ஆறு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை வந்தால் அம்மாவோ அப்பாவோ கூட இருந்தே ஆக வேண்டும். விளக்கை மொத்தமாக அணைக்காதீர்கள், ஒரு எமர்ஜென்சி லைட்டாவது மூலையில் எரியட்டும். முகமூடியை யாரும் மறைந்திருந்து போட வேண்டாம். எல்லோர் கண் முன்னாலும் போடட்டும், கழற்றட்டும். சைகை வைத்தால் வாயால் சொல்கிற சைகையாக வையுங்கள். வேலூரில் ஐப்பசி மழைக்குக் கரண்ட் போகும் என்பது எனக்குத் தெரியாதா? தெரிந்தும் விளக்கைச் சைகையாக வைத்தேன்.

திரும்பி வந்தபோது வீட்டில் அழுகைச் சத்தம் இருக்கும் என்று நினைத்தேன், சிரிப்புச் சத்தம் கேட்டது. மாமியார் எமர்ஜென்சி லைட்டை நடுவில் வைத்து, துணிக் கொடியில் தீபாவளி முறுக்குகளைக் கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டிருந்தார். பிள்ளைகள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எம்பி எம்பிக் கடித்துக்கொண்டிருந்தார்கள். பொங்கல் விளையாட்டில் பன் தொங்கவிடுவோமே, அதே விளையாட்டு. ஸ்காட்லாந்தில் ஹாலோவீன் அன்று பாகு தடவிய ரொட்டியைக் கயிற்றில் தொங்கவிட்டு இதையே விளையாடுவார்கள் என்று தியா பள்ளியில் படித்திருக்கிறாள். "அத்தை, பாட்டிக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள். தொட்டித் தண்ணீரில் மிதக்கும் ஆப்பிளை வாயால் எடுக்கிற விளையாட்டும் அன்றைய திட்டத்தில் இருந்தது. எல்லோர் எச்சிலும் ஒரே தண்ணீரில் கலக்கும், மழைக்காலத்தில் சளி பரவும் என்பதால் அதை விட்டோம். முறுக்கே மேல். அப்புறம் மாமியார் வேலூர்க் கோட்டை அகழி முதலைக் கதை சொன்னார். சின்ன வயதில் அவர் பாட்டி சொன்ன கதை. தியா வாயைப் பிளந்து கேட்டாள்.

அந்தச் சின்னவனுக்கு ராத்திரி காய்ச்சல் வந்தது. மறுநாள் சாயங்காலம் அவன் அம்மாவோடு நானும் பள்ளிவாசலுக்குப் போனேன். சாயங்கால மஃரிப் தொழுகை முடிந்து வருபவர்கள் பயந்த பிள்ளைகளுக்கு ஓதி ஊதுவது எங்கள் ஊரில் வழக்கம், எல்லா மதத்துக்காரர்களும் வாசலில் நிற்பார்கள். கிளினிக்கிலும் காட்டினோம். ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல் விட்டது. அன்று காலை எதிர்வீட்டு அக்கா செவ்வந்திப் பூவோடு கல்லறைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று, "பையன் எப்படிம்மா இருக்கான்?" என்று கேட்டார். தெருவில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

ராத்திரிச் சாப்பாடு 1,400, சாக்லேட் 1,150, கடையில் நானே வாங்கிய தோரணம், வலை 640, இவற்றையும் சேர்த்தால், சில்லறைச் செலவுகளைக் கணக்கில் எடுக்காமலே, மொத்தம் 8,427 ரூபாய். அதில் முன்பணம், தாமதமாக வந்த உடைகள், பிரிக்காமலே கிடந்த தோரணம் என்று 4,438 ரூபாய் சுத்தமாக வீண். பிள்ளைகள் விளையாடியது என்னவோ திராட்சை, சேமியா, பேப்பர் கப், புளியங்கொட்டை, முறுக்கு, இவ்வளவுதான்.

தியாவுக்காகவும் அந்தப் பையனுக்காகவும் நவம்பர் 16, ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் நாலு மணிக்கு மறுபடி வைத்தேன். வெளிச்சத்தில், மொட்டை மாடியில். ஒவ்வொரு வீட்டுக்கும் போய் என்னென்ன இருக்கும் என்று முழுதாகச் சொன்னேன், அம்மாக்களையும் வரச் சொன்னேன். செலவு 380 ரூபாய். மண்டையோட்டு முகமூடியைப் பாயின் மேல் சும்மா வைத்திருந்தேன், யாரும் போடவில்லை. சின்னவன் வெகுநேரம் அம்மா மடியிலிருந்தே அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் இறங்கி வந்து கண் ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்தான். பின்பக்கம் திருப்பி, உள்ளே வெறும் வெள்ளைப் பிளாஸ்டிக் என்று கண்டுகொண்டான். எடுத்துப்போய் அம்மா முகத்தில் வைத்து, ரப்பரைக் காதுக்குப் பின்னால் மாட்ட முடியாமல் மாட்டி, "அம்மா, கத்து" என்றான். அவர் கத்தினார். கழற்றி முகத்தைச் சரிபார்த்துவிட்டு, மறுபடி மாட்டினான்.